சுண்ணாம்பு பட்ட பீரோ

அந்த பீரோ எங்க வூட்டு வாசல்ல வந்து எறங்குனப்ப, எங்கம்மா தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "இதுல கல்யாணப் புடவையை வைக்கிறதா, கோழியை அடைக்கிறதா?"ன்னு எங்கப்பாவைக் கேட்டா. அவரு மாட்டு வண்டிக்காரருக்குத் தண்ணி மொண்டு குடுக்குற சாக்குல பின்பக்கம் போயிட்டாரு. நான் மட்டுந்தான் கிட்ட போயி, கதவை எச்சி தொட்டுத் தேய்ச்சுப் பார்த்தேன். அழுக்குக்கு அடியில தேக்கு நரம்பு ஓடுறது லேசாத் தெரிஞ்சுது. "அம்மா, வாயை மூடு. இது ராஜா"ன்னேன்.

ஏன் அந்த பீரோன்னு சொல்லணும். எங்கப்பா அரியலூர் சுண்ணாம்புக்கல் சொரங்கத்துல லாரிக்கு லோடு ஏத்துற ஆளு. அதுக்கு முன்ன கீழப்பழுவூர் பக்கம் அடுத்தவங்க வயல்ல நாத்து நட்டு, அறுத்து, அடிச்சுக் குடுத்துட்டு வந்த வம்சம் எங்களுது. என் தங்கச்சிக்குப் பெரம்பலூர்லேருந்து இடம் வந்துச்சு. மாப்பிள்ளை பஸ்ல கண்டக்டர், தங்கமான புள்ளை. மாப்பிள்ளையோட அம்மா, அதான் எங்க சம்பந்தியம்மா, தங்கம் இல்ல. ஆனா பேராசைக்காரியும் இல்ல. "நகை உங்களால ஆனதைப் போடுங்க. எனக்கு நெலக்கண்ணாடி வச்ச மர பீரோ ஒண்ணு வந்தாப் போதும். ஆனா புதுசா வரணும்"னு ஒரே பேச்சா சொல்லிட்டாங்க.

அந்தப் புதுசுங்குறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அந்த வூட்டு மூத்த மருமவ கல்யாணத்துல அவ அப்பா கொண்டாந்த சீர்க் கட்டில், கால் ஆடுன பழங்கட்டில். சபையில யாரோ அதுல உக்காந்ததும் கிறீச்னு கத்துச்சாம். அன்னையிலேருந்து அந்தப் பொண்ணுக்கு அந்த வூட்டுல, ஏன் அந்தத் தெருவுலயே, "ஓட்டக்கட்டில்"னுதான் பேரு. "ஓட்டக்கட்டிலைக் கூப்பிடு", "ஓட்டக்கட்டில் கொழம்பு வச்சிச்சா?" இப்படித்தான். பொண்ணு பார்க்க வந்தப்ப அவளும் கூட வந்திருந்தா. அவ முன்னாடியே சம்பந்தியம்மா அதைச் சொல்லிச் சிரிச்சாங்க. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு காப்பி டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தா. என் தங்கச்சி உள்ளேருந்து அதைப் பார்த்துட்டா. அன்னைக்கு சாயங்காலம் என்கிட்ட, "அக்கா, எனக்கும் இப்படி ஒரு பேரு வச்சாங்கன்னா நான் தாங்க மாட்டேன்க்கா"ன்னா. அவ்வளவுதான். அவளுக்கு அப்படி ஒரு பேரு வர விடக் கூடாதுன்னு நான் முடிவு பண்ண வேற என்ன வேணும்?

புது பீரோ வாங்க எங்களுக்கு வக்கில்ல. அதை மூடி மறைச்சு என்ன ஆகப்போவுது. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்த ஒரு ஆபீசர் மாத்தலாகிப் போனப்ப, இந்தக் கருத்த பூதத்தைத் தூக்கிட்டுப் போக முடியாம, வந்த வெலைக்குத் தள்ளிட்டுப் போனாரு. எங்கப்பா அதைப் பிடிச்சுட்டாரு. எந்தத் தைரியத்துல பிடிச்சாருன்னா, என் தைரியத்துலதான்.

நான் அப்ப ஸ்டேஷனுக்குப் போற ரோட்டுல ஒரு மரப் பட்டறையில வேலைக்குப் போயிக்கிட்டிருந்தேன். பொம்பளைங்களுக்கு அங்க உப்புத்தாள் தேய்க்கிற வேலை மட்டுந்தான். நாற்காலியா, மேசையா, காலையிலேருந்து தேய்ச்சுத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கி வைக்கணும். அப்பறம் பாலிஷ்காரரு வருவாரு. அரக்கை ஸ்பிரிட்டுல ஊறப்போட்ட பாட்டிலைத் தொறப்பாரு, பஞ்சை வேட்டித் துணியில பொட்டலமாக் கட்டித் தொட்டுத் தொட்டு இழுப்பாரு. பொம்பளை அந்தப் பொட்டலத்தைத் தொடக் கூடாது. தொட்டா என்ன, கை வெந்துருமா? கேட்டேன். "ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை"ன்னு சிரிச்சாங்க. சரி, சிரிங்கடான்னு விட்டுட்டேன். யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. ஒரு கண்ணு உப்புத்தாள்ல, ஒரு கண்ணு அவரு கையில. பட்டறையில கழிச்சுப் போட்ட பலகைத் துண்டுல வூட்டுல போட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கை படிஞ்சுது. எங்க வூட்டு அரிவாமணைக் கட்டைக்குக்கூட பாலிஷ் போட்டிருந்தேன்னா பார்த்துக்குங்க. எங்கப்பா வூட்டுலயே எங்களோட இருந்த என் வூட்டுக்காரரு அதைப் பார்த்துட்டு, "அடுத்து என் முதுகுதான் பாக்கி"ன்னாரு.

பீரோவுக்கு வர்றேன். எத்தனை வருஷத்து எண்ணெய்க் கையோ, எத்தனை அடுப்புப் புகையோ, தொட்டா வெரல் ஒட்டுச்சு. மொதல்ல வெந்நியில கொஞ்சூண்டு சோடா உப்பு கலந்து, துணியை நல்லாப் பிழிஞ்சுட்டுத் தொடச்சேன். தண்ணி சொட்டுச்சுன்னா மரம் குடிச்சு உப்பிரும். பிழிஞ்ச துணி ஒவ்வொண்ணும் சாக்கடைத் தண்ணியா வடிஞ்சுது. மேல் பலகையில பாத்திரம் வச்ச வட்டம், உள்பக்கம் எந்தப் புள்ளையோ ஒட்டுன தீப்பெட்டிப் படம், அடியில மெழுகுவத்திச் சொட்டு. எல்லாத்தையும் எடுத்தேன். அப்பறம் ஸ்பிரிட்டுல நனைச்ச துணியால பழைய பாலிஷை எளக்கி, தேங்காய் நாரால உரிச்சேன். உரிக்க உரிக்கக் கருப்பு போயி, காப்பித்தூள் நெறத்துல மரம் வந்துச்சு. அந்த நேரத்துல யாராவது பக்கத்துல இருந்திருந்தா கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்திருப்பேன். எங்கம்மாதான் இருந்தா. அவ, "ஒல கொதிக்குது, வந்து அரிசியைப் போடு"ன்னா.

பழைய கீல் இருந்த ஓட்டையை சாக்பவுடரும் காவியும் அரக்கும் குழைச்ச பட்டியால அடைச்சேன். கதவு எறங்கியிருந்ததை எங்க பட்டறைத் தச்சர் வந்து சரி பண்ணிக் குடுத்தாரு. கண்ணாடி ரசம் போயி புள்ளி புள்ளியா இருந்துச்சு. அதை மட்டும் எங்கப்பா திருச்சிக்கு எடுத்துக்கிட்டுப் போயி, வேற கண்ணாடி வெட்டி வாங்கிட்டு வந்தாரு. பஸ்ல அதை மடியில வச்சுக்கிட்டு, புள்ளை மாதிரி பிடிச்சுக்கிட்டு வந்திருக்காரு மனுஷன்.

பாலிஷ் போடுறதுக்குத்தான் பெரும்பாடு பட்டேன். எங்க ஊருல காத்தே சுண்ணாம்பு. லாரி ஒண்ணு போனா, காயப்போட்ட துணி வெளுத்துரும். ஈரப் பாலிஷ்ல அந்தத் தூசி உக்காந்துச்சுன்னா, ரவை ஒட்டுன மாதிரி ஆயிரும். அதனால வூட்டுக்குள்ள சுத்திப் புடவை தொங்கவுட்டு, தரையை ஈரத் துணியால தொடச்சுக் காயவிட்டு, உள்ள நான் மட்டும். ஒரு பூச்சு, காய விடுறது, தேஞ்ச உப்புத்தாளால லேசா ஒரு தடவு, மறுபடி பூச்சு. மழை மூட்டம் போட்டா அன்னைக்கு வேலை கெடையாது, ஈரக் காத்துல பாலிஷ் வெளிறிப் போயிரும். கையை எங்கயும் நிறுத்தக் கூடாது. நிறுத்துன எடத்துல பொட்டலம் ஒட்டிக்கிட்டு உரிச்சுக்கிட்டு வரும். பொட்டலம் வழுக்கிக்கிட்டு ஓட ஒரு சொட்டு எண்ணெய். அந்த ஓட்டம் கைக்கு வந்துருச்சுன்னா இருக்கே, அப்பா! சோறு தண்ணி நெனப்பு வராது.

முடிஞ்ச அன்னைக்குப் புடவையெல்லாம் அவுத்துட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். எங்கம்மா உள்ள வந்தா. கண்ணாடியில அவ மொகம் தெரிஞ்சுது, கதவுப் பலகையிலயும் தெரிஞ்சுது. "இது அந்த பீரோவாடி?"ன்னா. எங்கப்பா சட்டையில கையைத் தொடச்சுக்கிட்டுத்தான் தொட்டாரு. எனக்கு அப்ப ஏறுன கர்வம் இருக்கே, இன்னும் எறங்கல. எதுக்கு எறங்கணும்?

இதுக்கு எடையில எங்கப்பா ஒரு காரியம் பண்ணி வச்சுட்டாரு. சம்பந்தியம்மா ஆள் விட்டு, "பீரோ வாங்கியாச்சா?"ன்னு கேட்டப்ப, "ஆச்சு, திருச்சியிலேருந்து வந்தாச்சு"ன்னு சொல்லிட்டாரு. ஏன்ப்பான்னா, "கண்ணாடி திருச்சிதானே? நான் எங்க பொய் சொன்னேன்?"ங்குறாரு. சொல்லிட்டு அவரே என் மொகத்தைப் பார்க்கல.

கல்யாணம் பெரம்பலூர்ல, மாப்பிள்ளை ஊருல. லாரியில பீரோவுக்கு நாலு பக்கமும் மெத்தை வச்சுக் கட்டி, நானும் பக்கத்துலயே நின்னுக்கிட்டு வந்தேன். வழியில எங்கயாவது ஒரசிச்சுன்னா தொட்டு விடலாம்னு, சின்ன பாட்டில்ல பாலிஷும் ஸ்பிரிட்டும் ஒரு பொட்டலமும் என் பையில இருந்துச்சு. மண்டபத்து வாசல்ல சீர் பரப்புனாங்க. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, பாய் தலகாணி, எல்லாத்துக்கும் நடுவுல பீரோ. காலை வெயில் சாய்வா விழுந்து அது நின்ன நிப்பைப் பார்த்து, பந்தக்கால்ல கட்டுன வாழை மரமே நாணிப் போயிருக்கும்.

முகூர்த்தத்துக்கு முன்னாடி பொம்பளைங்க எல்லாம் சீர் பார்க்க வந்துட்டாங்க. தட்டிப் பார்க்குறாங்க, தொறந்து பார்க்குறாங்க, கண்ணாடியில பொட்டைச் சரி பண்றாங்க. "திருச்சி வேலைன்னா வேலைதான் போ"ன்னா ஒருத்தி. "நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இந்தக் கை வருமா? சென்மத்துக்கும் வராது"ன்னா இன்னொருத்தி. எனக்கு உச்சந்தலை கொதிக்குது. இந்தா நிக்கிறேன்டி, இந்தக் கைதான்டி அதுன்னு தொண்டை வரைக்கும் வந்துருச்சு. எங்கம்மா என் இடுப்புல நறுக்குனு கிள்ளுனா. "வாயைத் தொறந்த, உன் தங்கச்சிக்கு இன்னையிலேருந்து பேரு 'பழைய பீரோ'தான்"னு காதுல சொன்னா. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். சிரிச்சுக்கூட வச்சேன். பாராட்டு எனக்கு, பேரு திருச்சிக்கு. அதைவிடக் கொடுமை வேற இல்லைங்க.

அப்ப சம்பந்தியம்மா வந்தாங்க. பட்டுப்புடவை, வாய் நெறைய வெத்தலை. பீரோவைச் சுத்தி வந்தாங்க. மொகம் மலர்ந்து போச்சு. "இதான் சீரு"ன்னு நாலு பேரு காதுல விழுறாப்புல சொன்னாங்க. சொல்லிக்கிட்டே அடுத்த வெத்தலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவுனாங்க. தடவிட்டு வெரல்ல மிஞ்சுன சுண்ணாம்பை, எங்க பக்கத்துல எல்லாரும் செவுத்துலயோ தூணுலயோ இழுகுவோம் பாருங்க, அந்தப் பழக்கத்துல, நெனப்பே இல்லாம, பீரோ கதவுல ஒரு இழுப்பு இழுகிட்டாங்க.

எனக்கு உசுரே போச்சு. சுண்ணாம்புக்கும் அரக்குக்கும் ஆகவே ஆகாது. பட்ட எடத்தைக் கரைச்சுரும். "ஐயோ, சுண்ணாம்பு!"ன்னு நான் ஓடுறதுக்குள்ள, அவங்களே ஈரத் துண்டால தொடைக்கிறேன்னு தேய்ச்சுட்டாங்க. தேய்க்கத் தேய்க்கப் பரவிருச்சு. கண்ணாடி மாதிரி இருந்த கதவுல உள்ளங்கை அகலத்துக்கு மங்கலா, பிசுபிசுன்னு ஒரு திட்டு.

"என்ன இது, சுண்ணாம்பு பட்டதுக்கே பல்லைக் காட்டுது?" சம்பந்தியம்மா நகத்தால சொரண்டுனாங்க. எளகியிருந்த பாலிஷ் நகத்தோட வந்துருச்சு, அடியில மரம் தெரிஞ்சுது. வயசான மரம். அவங்களுக்கு எங்கயோ பொறி தட்டிருச்சு. கதவைத் தொறந்து கீல்கிட்ட குனிஞ்சு பார்த்தாங்க. நான் பட்டி வச்சு அடைச்ச பழைய ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டாங்க. கெட்டிக்காரி, இல்லைன்னு சொல்ல மாட்டேன். நிமிர்ந்து எங்கப்பாவைப் பார்த்தாங்க. "சம்பந்தி, திருச்சியில எந்தக் கடைன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

 கூடை கூடையாக் கல்லு சொமந்த எங்கப்பா தோளு, அப்ப பார்த்தா சட்டைக்குள்ள சுருங்கிப் போயிருந்துச்சு. பொம்பளைங்க ஒருத்தி மொகத்தை ஒருத்தி பார்க்குறாங்க. நாயனக்காரருகூட ஊதுற சீவாளியைச் சரி பண்றாப்புல வாசிப்பை நிறுத்திட்டாரு.

"கடை இல்லீங்க அத்தை."

திரும்புனா, என் தங்கச்சி. தலை நெறையப் பூ, நெத்திச்சுட்டி, பாதி கட்டுன மணவறைப் புடவை. பொண்ணு ரூம்லேருந்து அப்படியே வந்து நிக்கிறா. தாலி ஏறாத பொண்ணு சபையில அப்படி வந்து வாய் தொறக்குறது வழக்கமே இல்ல. "பீரோ பழசுதான். புதுசு வாங்க எங்கப்பாவால முடியல. திருச்சின்னு சொன்னது பொய். அந்தப் பாலிஷ் எங்கக்கா போட்டது"ன்னா. 

அதுக்கு மேல என் வாயை யாரு பிடிக்க முடியும்? நேரா சம்பந்தியம்மாகிட்ட போனேன். "வெரலைக் காட்டுங்க"ன்னேன். சுண்ணாம்பு அப்படியே இருந்துச்சு. "பொய் சொன்னதுக்கு எங்களை நாலு அடி வேணாலும் அடிங்க. ஆனா பாலிஷைக் கொறை சொல்லாதீங்க. லண்டன்லேருந்து வந்த அரக்குப் பாலிஷா இருந்தாலும் சுண்ணாம்பு பட்டா இதான் கதி. இப்ப என்னைப் பாருங்க"ன்னேன்.

தாம்பாளத்துலேருந்து ஒரு எலுமிச்சம்பழம் என் கைக்கு வந்துச்சு. யாருன்னு பார்த்தா மூத்த மருமவ. கத்தியையும் குடுத்தா. சுண்ணாம்பு வேகத்தை முறிக்கப் புளிப்பு வேணும். சாறை ஒத்தி எடுத்து, காஞ்ச துணியால தொடச்சு, விசிறச் சொன்னேன். நாலஞ்சு பேரு போட்டி போட்டுக்கிட்டு விசிறுனாங்க. பையிலேருந்து பாட்டிலைத் தொறந்தேன். ஸ்பிரிட் வாடை குப்புன்னு அடிச்சுதா, ஆம்பளைங்க பக்கத்துலேருந்து ரெண்டு மூணு தலை எட்டிப் பார்த்துச்சு. "அது குடிக்கிறது இல்ல, போங்கய்யா"ன்னேன். அத்தனை இறுக்கத்துலயும் ஒரு சிரிப்பு ஓடுச்சு.

பொட்டலத்தைத் தொட்டு, சுத்தி இருந்த பாலிஷை எளக்கி உள்ள இழுத்தேன். வட்டமா, எட்டுப் போடுறாப்புல, கையை நிறுத்தாம. விசிறல். அடுத்த பூச்சு. கை அது பாட்டுக்கு ஓடுச்சு. பட்டறையில தொடக் கூடாதுன்ன பொட்டலத்தை மண்டபம் பூரா பார்க்க நான் ஓட்டுறேன். திட்டு சுருங்கிச்சு, தேக்கு நரம்பு ஒண்ணொண்ணா வெளியில வந்துச்சு. கடைசியில நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒதுங்கி நின்னேன்.

சம்பந்தியம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாங்க. இந்தப் பக்கம் வந்து பார்த்தாங்க, வெயில் பக்கம் போயிப் பார்த்தாங்க. "எங்க இருந்துச்சு அது?"ன்னாங்க. எனக்கே காட்டத் தெரியல. அவங்க அப்பறம் எங்கப்பா பக்கம் திரும்பி, "பொய் சொல்லியிருக்க வேணாம்"னாங்க. "தப்புதாங்க"ன்னாரு எங்கப்பா. "பீரோவை உள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்க, வெயில் ஏறுது. பொண்ணை ஏன் நிக்க வச்சிருக்கீங்க, நேரம் ஆவுதுல்ல?"ன்னு சொல்லிட்டு, வெத்தலையைத் துப்பப் போயிட்டாங்க. நாயனம் மறுபடி கேட்டுச்சு. எங்கம்மா அப்படியே தூணைப் பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சா.

தாலி ஏறுச்சு. பந்தியில பொண்ணு மாப்பிள்ளைக்கு எலை போட்டாங்க. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக் கூட்டாளிங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தாரு. தங்கச்சிக்கு இந்தப் பக்கம் நான். எனக்கு மனசு ஆறல. எந்தப் பேருக்குப் பயந்தாளோ, அதைத் தன் வாயாலயே சபையில சொல்லிட்டாளே.

"ஏன்டி போட்டு உடைச்ச? கல்யாணம் நின்னு போயிருந்தா?"ன்னு கேட்டேன்.

எலையைப் பார்த்துக்கிட்டே மெதுவா சொன்னா. "என்னை என்ன பேரு வேணாலும் சொல்லிக்கட்டும்க்கா. அந்த பீரோவை நான் தெனம் தொறக்கணும். தொறக்குறப்பல்லாம் உன்னை இல்லைன்னு சொல்லிக்கிட்டு என்னால வாழ முடியாது."

எனக்குக் கண்ணு பொலபொலன்னு கொட்டுது. ரசம் ஊத்த வந்த பெரியவரு பதறிப் போயி, "என்னம்மா, சாம்பார் காரமா?"ன்னாரு.

"இல்லீங்க"ன்னேன். "இவ என் தங்கச்சி."